முப்பத்தாறாம் குப்பி

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், நாகரத்னா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரி விலங்கியல் மியூசியத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"தாஸ் சார், மியூசியத்துக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. ஜாடியெல்லாம் தொடச்சு வேற ரூம்ல வைக்கச் சொல்லிட்டாங்க. மூணாவது பீரோவுல கறுப்புக் கண்ணாடி வெச்ச ஜாடி ஒண்ணு இருக்கல்லா, அதுக்குள்ள பூச்சி போயிருக்கு சார். மூடியைத் தெறந்து எடுத்துடறேன், சரியா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"தொடாதீங்கம்மா! மூடி மேல கையே வைக்காதீங்க!"

"அய்யோ, ஏன் சார் இவ்ளோ சத்தம்? பூச்சிதானே?"

"அது பூச்சி இல்லம்மா. அது அந்த வீட்டுக்காரம்மா. அப்படியே வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. நான் பஸ் பிடிச்சு வரேன்."

ஓய்வு பெற்ற ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் எழுதுவதற்கா பஞ்சம்? எதை எழுதுவது என்பதுதான் சிக்கல். என் வீடு இருக்கும் பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து கல்லூரி போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது தெரிந்துவிட்டது. அந்த ஜாடியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் படித்தது நான்காம் வகுப்பு. ஆனால் எத்தனை எம்.எஸ்ஸி. பிள்ளைகள் என் மேசைக்கு வந்து, "தாஸ் அண்ணா, இது என்ன?" என்று கேட்டார்கள் என்பதை அவர்களே வந்து சொல்லட்டும், நான் சொன்னால் பெருமை என்பார்கள். அதற்கு முன்னால் இருபது வருடம் சோடா ஃபேக்டரியில் பாட்டில் கழுவினேன். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், பாட்டிலில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். தொண்ணூற்று ஒன்றில் ஃபேக்டரியை மூடினார்கள். எங்கள் சர்ச்சில் பழக்கமான ஒருவர் சொல்லி, கல்லூரியில் தினக்கூலிக்குக் கண்ணாடிச் சாமான் கழுவப் போனேன். மூன்று வருடத்தில் அட்டெண்டர், அடுத்த மூன்று வருடத்தில் மியூசியம் கீப்பர். கல்லூரி சரித்திரத்தில் இவ்வளவு வேகமாக ஏறியவர் வேறு யாரும் இல்லை. பிரின்சிபால்கூட ஏறவில்லை.

என்னை ஏற்றிவிட்டவர் எங்கள் துறைத் தலைவர் ரங்கநாதன் சார். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்து, மைசூர் அரசாங்கத்தில் வேலை பார்த்த குடும்பம். பாதி வாக்கியம் தமிழிலும் மீதி கன்னடத்திலும் போகும். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். அந்த 'டிக்' சத்தம் கேட்டாலே லேபில் இருக்கிறவர்கள் எல்லாம் அவரவர் மேசையைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு ஜாடி தயாரானதும் அவர் முன்பக்கம் பார்க்க மாட்டார். முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். முன்பக்கம் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள் என்பது அவர் கணக்கு. பிறகு அடிப்பக்கம், பிறகு மூடி. கடைசியாகத்தான் உள்ளே இருக்கும் பிராணி.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் வரும். கடல் பிராணியைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, ஊறி உப்பிவிடும். பெங்களூரில் கடலுக்கு எங்கே போவது? லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கல்லுப்புப் போட்டு நாமே ஒரு கடல் செய்துகொள்ள வேண்டும். பெயர்ச் சீட்டை ஜாடிக்கு வெளியே ஒட்டினால் மட்டும் போதாது, பென்சிலில் எழுதி உள்ளேயும் போட வேண்டும். மை கரையும், பென்சில் கரையாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கழுவின தண்ணீரானாலும் சரி, கிள்ளி எடுத்த தூசியானாலும் சரி, அவர் கையெழுத்துப் போடும்வரை ஒரு சொட்டுகூட தொட்டிக்குள் போகக் கூடாது.

"குப்பைன்னு நீங்க சொல்லக் கூடாது தாஸ். நான் சொல்லணும். எனக்கும் தெரியலைன்னா அது குப்பை இல்லை."

ஒருமுறை ஒரு நண்டு வந்தது. படகின் அடியில் ஒட்டுமே கொட்டலசு என்கிற பொடி ஓட்டுப் பிராணி, அது ஓடு பூராவும் ஒட்டிப் பிடித்திருந்தது. சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு பகல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து, நண்டைப் பளபளவென்று ஆக்கினேன். பெயர்த்தது எவ்வளவு என்று சார் பார்க்க வேண்டாமா? எல்லாவற்றையும் ஒரு சாசரில் குவித்து நண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "பரவாயில்லையே, உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது சாதாரணமா? அன்றைக்கு வீட்டில் ஸ்டெல்லாவிடம் நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை ஆரம்பித்தபோது என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அடுத்துச் செய்த பெரிய தப்புக்கு அந்தப் பாராட்டுதான் விதை.

மெஹர் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி. பிரேசர் டவுன் பெண். மங்களூர் மீன்பிடிப் படகில் ஏறி நடுக்கடல்வரை போய்வந்த தைரியசாலி. படகுக்காரர்கள் முதலில் ஏற்ற மறுத்தார்களாம். பிறகு அவர்களே, "மேடம், உங்க கண்ணாடி மீன் வருது பாருங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடி மீன் என்று அவர்கள் சொன்னது மீனே இல்லை. சால்ப் என்று பெயர். விரல் நீளம், இரண்டு பக்கமும் திறந்த பீப்பாய், உடம்பு பூராவும் கண்ணாடி. பீப்பாய்க்குக் கட்டும் இரும்புப் பட்டை மாதிரி உடம்பைச் சுற்றிச் சதைப் பட்டை உண்டு. அதைச் சுருக்கிச் சுருக்கி முன்னால் தண்ணீரை இழுத்துப் பின்னால் தள்ளும். அதுதான் அதற்குச் சாப்பாடு, அதுதான் நடை. சில காலம் தனித்தனியாக, சில காலம் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு போகும்.

"பாக்க ஜெல்லி மீன் மாதிரிதான் இருக்கும் தாஸ்" என்று சார் ஒருநாள் சொன்னார். "ஆனா ஜெல்லி மீனைவிட இது நமக்குக் கிட்டத்துச் சொந்தம்."

"எங்க வீட்டு விசேஷத்துக்கு வரலையே சார்?"

"நீங்க பத்திரிகை வெச்சிருக்க மாட்டீங்க."

இந்த சால்ப் கூட்டம் சில வருடம் கடலையே அடைக்கும், சில வருடம் கண்ணில் படாது. இரண்டு வருடம் வெறுங்கையோடு திரும்பிய மெஹருக்கு அந்த வருடம் அகப்பட்டது. வலையில் பிடித்தால் நசுங்கும் என்று வாளியில் முகந்து, ஒன்றுக்கு ஒரு குப்பி என்று முப்பத்தாறு குப்பியில் போட்டு, ஃபார்மலின் ஊற்றி, பென்சிலில் நம்பர் போட்டுக் கொண்டுவந்து அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினாள். அடுக்கிய மறுநாளே மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள்.

அதே வாரத்தில் கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருகிறது என்று செய்தி வந்தது. சார் என்னைக் கூப்பிட்டு, "மியூசியத்துல இருக்கிற கடல் ஜாடியெல்லாம் சுத்தம் பண்ணி வைங்க" என்றார். அவர் சொன்னது மேல்தட்டில் இருந்த பழைய ஜாடிகளை. அதை நான் ஒன்றரை நாளில் முடித்துவிட்டேன். கை சும்மா இருக்குமா? கீழ்த்தட்டைப் பார்த்தேன். முப்பத்தாறு சால்ப். பாவம், படுத்துக் கிடக்கிற பெண், திரும்பி வந்ததும் எல்லாம் பளிச்சென்று தயாராக இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படும்! யாரையும் கேட்கவில்லை. கேட்டுச் செய்தால் அதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

குப்பியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்குள்ளும் பூச்சி. அரிசியில் வண்டு விழுந்த மாதிரி. சில, இறாலுக்குக் கண் பெரிதாக வைத்த மாதிரி இருந்தன. சில, தட்டையாகக் கடுகளவு. கடலில் அவையும் கண்ணாடிதானாம், ஃபார்மலின் பட்டால் வெளுத்துவிடும். எனக்கு மனது தாங்கவில்லை. இவ்வளவு அழகான பிராணிக்குள் இந்தச் சனியன்களா? மெல்லிய சாமணத்தை எடுத்தேன். சால்பில் ஒரு கீறல் விழாமல் பூச்சியை எடுத்தேன் என்று எந்தப் பரீட்சையிலும் சொல்வேன். அந்த வேலைக்கு எனக்கு நிகர் பெங்களூரில் அப்போது இல்லை.

முதல் ஏழு குப்பியில் எடுத்ததையெல்லாம் ஒரே சாசரில் போட்டேன். எட்டாவதை எடுக்கும்போது நண்டு ஞாபகம் வந்தது. மொத்தமாகக் குவித்தால், எந்த சால்ப் எவ்வளவு அழுக்காக இருந்தது, நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று சாருக்கு எப்படித் தெரியும்? கிளினிக்கில் வாங்கி வைத்திருந்த காலி ஊசிமருந்துப் புட்டிகளை எடுத்தேன். எட்டாம் சால்பின் அழுக்கு எட்டாம் புட்டியில், ஒன்பதாவது ஒன்பதில். ஒவ்வொன்றிலும் உப்புத் தண்ணீர், நாலு சொட்டு ஃபார்மலின், உள்ளே பென்சில் நம்பர். முப்பத்தைந்துவரை முடித்தேன். முப்பத்தாறாவதுதான் இருப்பதிலேயே மோசம். பீப்பாய்க்குள் பெரிய பூச்சி ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது, சுவர் பூராவும் பொடிப்பொடியாக என்னவோ அப்பியிருந்தது. அதை மட்டும் தொடவில்லை. இரக்கம் இல்லை. துணி சோப்பு விளம்பரத்தில் அழுக்குச் சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவார்களே, அதற்காக வைத்தேன்.

கமிட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மெஹர் வந்தாள். இன்னும் கண்ணில் மஞ்சள் முழுதாகப் போகவில்லை. நான் வாயெல்லாம் பல்லாக அலமாரிக்கு அழைத்துப் போனேன். முதல் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. பத்தாவதை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தாஸ் அண்ணா... உள்ள இருந்ததெல்லாம் எங்கே?"

"சுத்தமா எடுத்துட்டேம்மா. ஒண்ணு விடல. பாரு, கண்ணாடி மாதிரி இருக்கா?"

"யா அல்லா." அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அண்ணா, அந்தப் பூச்சிங்கதான் என் தீசிஸ். சால்ப் இல்ல. அதுக்குள்ள யார் யார் குடியிருக்காங்கங்கிறதுதான் என் தீசிஸ்."

அவள் அழவில்லை, அழுதிருந்தால் பரவாயில்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பதிவுக் காலம் முடிய எட்டு மாதம். அடுத்த சீசனில் சால்ப் வருமா வராதா, கடலுக்குத்தான் தெரியும். இரண்டு வருட ஏமாற்றம், ஒரு வருட உழைப்பு, எல்லாம் என் சாமணத்தில் போயிற்று.

ரங்கநாதன் சார் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேனா வெளியே வந்தது. டிக். டிக்.

"எடுத்ததை எங்க கொட்டினீங்க?"

"கொட்டல சார். நீங்க கையெழுத்துப் போடலையே."

பேனா நின்றது. நான் ஓடிப்போய் சாசரையும் புட்டித் தட்டையும் கொண்டுவந்து வைத்தேன். எட்டிலிருந்து முப்பத்தைந்துவரை நம்பர் நம்பராக. மெஹர் ஒவ்வொரு புட்டியாக எடுத்துப் பார்த்தாள். "இதை யாரு இப்படிப் பிரிச்சு வைக்கச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

பாராட்டு வாங்குவதற்காக என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "முறைம்மா" என்றேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"யார் இருந்தாங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் மெஹர். "எங்க இருந்தாங்கன்னு தெரியணும் சார். வாய்ப் பக்கமா, பின்பக்கமா, சுவத்துல ஒட்டியா, நடுவுல சும்மாவா, தலை எந்தப் பக்கம். அதை வெச்சுத்தான் யாரு வாடகைக்கு இருக்காங்க, யாரு சாப்பிட்டுட்டுப் போக வந்தவங்க, யாரு வீட்டையே புடுங்கிக்கிட்டவங்கன்னு சொல்ல முடியும்."

சார் நாற்காலியை என் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டார். "தாஸ் எடுத்தவர். அவர் சொல்லட்டும். எழுதிக்கோம்மா."

எட்டாம் நம்பரில் ஆரம்பித்தோம். சாமணம் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். கையை எந்தப் பக்கம் வளைத்தேன் என்று கை சொல்லியது. "எட்டு, வாய்ப் பக்கம். ரெண்டு. சுவத்துல ஒட்டி, கிள்ளினதும் வரல, ஆட்டித்தான் எடுத்தேன்." எழுதினாள். "ஒம்பது, நடுவுல. ஒண்ணு. சும்மா கிடந்தது, சாய்ச்சதும் வந்துடுச்சு." எழுதினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மெஹரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. எனக்கும் உள்ளே பழைய தெம்பு ஏறியது. நான்காம் வகுப்பு படித்தவன் சொல்லச் சொல்ல டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொள்கிறார்கள்!

"பதினேழு?" என்றாள்.

பதினேழு ஞாபகம் இல்லை. வெறுமையாக இருந்தது. ஆனால் வாய் நிற்குமா? "பதினேழு... பின்பக்கம், சுவத்துல..."

டிக்.

"தாஸ்" என்றார் சார், மெதுவாக. "பாத்தீங்களா, நினைக்கிறீங்களா?"

என் ஆயுளில் அவ்வளவு கஷ்டமான கேள்வி யாரும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமே கிடையாது. சோடா ஃபேக்டரியிலும் சொன்னதில்லை, சர்ச்சிலும் சொன்னதில்லை, ஸ்டெல்லாவிடம் சத்தியமாகச் சொன்னதில்லை. எதிரே அந்தப் பெண் பென்சிலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். நான் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வாள். பின்பக்கம் என்றால் பின்பக்கம். யாருக்கும் கடைசிவரை தெரியாது.

"தெரியலம்மா" என்றேன். "பதினேழு எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். சார் பேனாவைப் பையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை. முடிக்கும்போது மொத்தம் ஆறு நம்பருக்குக் கோடு. சாசரில் கலந்துபோன முதல் ஏழும் போனது போனதுதான். அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

கடைசியில் மெஹர் முப்பத்தாறாவதைக் கையில் எடுத்தாள். லென்ஸில் பார்த்தவள் என் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"அண்ணா! இதை ஏன் விட்டீங்க?"

"அது... அழுக்கு ஜாஸ்தியா இருந்தது, அப்புறம் பண்ணலாம்னு."

"அழுக்கா? இங்க வந்து பாருங்க."

பார்த்தேன். இந்தப் பூச்சி சால்பின் உள்ளே இருப்பதையெல்லாம் தின்று, வெறும் கூட்டை மட்டும் நிறுத்தி வைக்குமாம். பிறகு அதையே வீடாக்கிக்கொண்டு, உள்சுவரில் தன் குஞ்சுகளை வைத்து, தள்ளுவண்டி மாதிரி அந்தப் பீப்பாயைக் கடல் பூராவும் தள்ளிக்கொண்டு போகுமாம். நான் பொடிப்பொடியாக அழுக்கு என்று நினைத்ததெல்லாம் குஞ்சு. தாயும் பிள்ளைகளும் வீட்டோடு அப்படியே அகப்படுவது லேசில் நடக்காதாம்.

"சோப்பு விளம்பரத்துக்கு வெச்சேன்" என்று அப்போது உண்மையைச் சொன்னேன். மஞ்சள் காமாலைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அவள் அதைப் படம் வரைந்து முடித்ததும் மியூசியத்துக்குக் கொடுத்தாள். ஜாடி கட்டியது நான். நூல் போட்டால் அறுத்துவிடும் என்று, கண்ணாடித் தட்டில் ஜெலட்டின் பூசி ஒட்டினேன். கண்ணாடிப் பிராணியை வெள்ளைத் தட்டில் வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? பிரேசர் டவுன் கண்ணாடிக் கடையில் கறுப்புக் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தேன். அது முழுக்க என் யோசனை. சார் ஜாடியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். கறுப்பு மட்டும்தான் தெரிந்தது. "இனிமே உங்க ஜாடியை முன்னாடிதான் பாக்கணும் போலிருக்கு" என்றார்.

மெஹரின் தீசிஸில் அந்தக் கோடுகள் கோடுகளாகவே போயின, ஏன் என்ற காரணத்தோடு. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தாராம். இந்த ஆறு ஏன் காலி என்று கேட்டாராம். "எடுத்தவருக்கு ஞாபகம் இல்ல சார், இல்லைன்னு சொல்லிட்டாரு" என்றாளாம் இவள். "அப்போ மத்ததை நம்பலாம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாராம். இப்போது மெஹர் கடற்கரை ஊர் ஒன்றில் பேராசிரியர். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கல்லூரிக்குக் குப்பிகள் அனுப்புவாள். நான் இருந்தவரை ஒவ்வொரு பெட்டியிலும் மேலே ஒரு சீட்டு இருக்கும்: "தாஸ் அண்ணா, சுத்தம் பண்ணாதீங்க."

நாகரத்னா அந்தச் சீட்டுகளைப் பார்த்ததில்லை. நான் போனபோது ஜாடியை ஜன்னல் ஓரம் மேசையில் வைத்து, சுற்றி நாலு நாற்காலி போட்டு யாரும் மோதாமல் காவல் வைத்திருந்தார். வெளிச் சீட்டு வெயிலில் வெளுத்து ஒரு எழுத்தும் தெரியவில்லை. உள்ளே பென்சிலில் முப்பத்தாறு என்பது மட்டும் பளிச்சென்று இருந்தது.

முழுக் கதையும் சொன்னேன். அவர் லென்ஸை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்பா! இதைப் போயி எடுக்கப் பாத்தேனே. நானே புதுசா சீட்டு எழுதி ஒட்டறேன் சார். உள்ள எத்தனை குஞ்சு?"

"நாப்பது" என்றேன் உடனே. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் எத்தனையோ வருடமாக அதைத்தான் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

அவர் பென்சிலை எடுத்து நாலு என்று எழுதிவிட்டார். பூஜ்யம் போடக் கை போனது.

என் சட்டைப்பையில் பேனா இல்லை. ஆனால் எங்கேயோ 'டிக்' என்று கேட்டது.

"இருங்கம்மா" என்றேன். "நான் எண்ணினதே இல்ல. லென்ஸைக் குடுங்க."

இரண்டு பேரும் மாற்றி மாற்றி எண்ணினோம். அவருக்கு ஒருமுறை இருபத்தைந்து வந்தது, எனக்கு இருபத்தேழு. சண்டை போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினோம். மூன்றாவது தடவை இருவருக்கும் ஒரே கணக்கு வந்தது. நாகரத்னா அந்த நாலை ரப்பரால் அழித்துவிட்டு, தமிழ் எழுத வராததால் கன்னடத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று தமிழில் படித்துக் காட்டச் சொன்னேன்.

"தாயும் இருபத்தாறு குஞ்சுகளும். கறுப்புக் கண்ணாடியை ஒட்டிய பின்பக்கச் சுவர் பார்க்கப்படவில்லை."